படகில் ரசமட்டம் வைத்தவர்

திருவனந்தபுரத்தில் நேராக இருக்கிற தரைகள் எல்லாம் ஒரே ஒரு மனிதர் போட்டவை. கோணலாக இருக்கிறவை அவர் காய்ச்சலில் படுத்த நாட்களில் மற்றவர்கள் போட்டவை. இதை நான் சொல்லவில்லை. கரமனை டீக்கடையில் கேட்காத ஆளிடமும் அவரே சொல்வார்.

அவருடைய நிஜப் பெயர், பல வருடம் கூடவே தரை வேலை பார்த்த எனக்கும் தெரியாது. எல்லோருக்கும் அவர் ரசமட்டம் அண்ணாச்சி. ரசமட்டம் என்பது கைக்கு அடக்கமான ஓர் அலுமினியக் கட்டை. நடுவில் சின்னக் கண்ணாடிக் குழாய், அதற்குள் பச்சைத் திரவம், திரவத்தில் ஒரு குமிழ். கட்டையைத் தரையில் வைத்துக் குமிழ் நடுவில் நின்றால் தரை மட்டமாக இருக்கிறது என்று அர்த்தம். மற்றவர்கள் வேலை முடிந்ததும் அதைப் பையில் போட்டுவிடுவார்கள். அண்ணாச்சி இடுப்பில் செருகிக்கொண்டு ஊர் சுற்றுவார்.

டீக்கடையில் உட்கார்ந்தால் முதலில் மேஜைமேல் ரசமட்டத்தை வைப்பார். குமிழ் ஓடினால், கடைக்காரர் படித்துக்கொண்டிருக்கும் செய்தித்தாளில் ஒரு தாளைக் கிழித்து மடித்து மேஜைக்காலுக்குக் கீழே சொருகுவார். வயிற்று வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர், டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைப்பதற்குள் கட்டிலில் ரசமட்டத்தை வைத்துவிட்டார்.

“டாக்டரே, தலைப்பக்கம் தாழ்ந்துல்லா இருக்கு. பொறவு வலி நெஞ்சுக்கு இறங்காம எங்க போவும்?”

ஒரு கல்யாணத்தில் மேடையேறி மணமக்களை எழுப்பிவிட்டார். குனிந்து பார்த்துவிட்டு, மண்டபமே கேட்கும்படி அறிவித்தார். “மாப்பிள வீட்டுப் பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருக்கு!” அவர் சொன்னது அவர்கள் உட்கார்ந்திருந்த மணைப் பலகையை. அதை மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்கு விளக்கி முடிப்பதற்குள் என் சட்டைப் பித்தான் இரண்டு போய்விட்டது. பேசத் தெரியாத என்னை ஏன்தான் விளக்கம் சொல்ல அனுப்புவாரோ.

இப்படிப்பட்டவருக்குத்தான் ஆற்றங்கரை ஊரான பூவாறிலிருந்து மேரி அக்காவின் வேலை வந்தது.

மேரி அக்கா சுற்றுலாப் படகு வைத்திருப்பவர். படகில் ஓர் அறை உண்டு. மெத்தை, ஜன்னல், மின்விசிறி, தரை முழுக்கச் சிவப்புக் கார்ப்பெட். ஒரு மழைக்காலத்தில் அந்தக் கார்ப்பெட் தண்ணீர் குடித்தது. அதற்கப்புறம் எத்தனை வெயிலுக்கும் காயவில்லை. கடைசியாக வந்த ஆட்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கி, ‘அறைக்குள் ஆடு ஒன்று இறந்து கிடக்கிறது’ என்று ஊர் உலகம் படிக்கும்படி செல்போனில் எழுதிவிட்டார்கள்.

“ஆடா? எனக்கு ஒரு கோழிகூட கிடையாது அண்ணாச்சி” என்று மேரி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அதுக்குப் பொறவு ஒருத்தரும் வரல்ல. இப்பதான் ஒரு குடும்பம் போன்ல விளிச்சிருக்கு. அப்பா அம்மைக்கு அறுபதாம் கல்யாணமாம். சனியாழ்ச்ச காலம்பற வந்து படகுல வச்சு மால போடணுமாம். அவங்களும் மூக்கப் பொத்தினா நான் வள்ளத்த வித்துட்டு வேற வேல நோக்க வேண்டியதுதான்.”

“தேக்குப் பலக மாதிரி வினைல் போட்டுத் தாறேன். வெள்ளம் பட்டாலும் துடச்சா போயிரும். வெள்ளிக்கிழம வெளிச்சம் மங்கதுக்கு முன்ன முடிஞ்சிரும். இது ரசமட்டம் சொல்லுத வாக்கு” என்றார் அண்ணாச்சி.

வியாழக்கிழமை கார்ப்பெட்டைக் கிழித்து எடுத்தோம். அடியில் ஒட்டியிருந்த பஞ்சைச் சுரண்டி, பசையைத் தேய்த்து, பிளைவுட் காய மின்விசிறியை ஓட விட்டோம். அதுவரைக்கும் எந்தக் குழப்பமும் இல்லை. வெள்ளிக்கிழமை காலை, ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும் வினைல் பலகைக் கட்டைப் பிரித்தேன். தேக்கின் வரி, கணு எல்லாம் அச்சு அசலாக இருந்தது. அண்ணாச்சி இடுப்பிலிருந்து ரசமட்டத்தை உருவித் தரையில் வைத்தார்.

குமிழ் இடது பக்கம் ஓடியது. அவர் அந்தப் பக்கம் நகர்ந்தார். குமிழ் வலது பக்கம் ஓடியது.

“எடே, இந்தத் தரைக்கு என்னவோ கோளாறு.”

படகு ஓட்டும் பிஜு வாசலில் நின்று சிரித்தான். “அண்ணாச்சி, இது வீடல்ல. வள்ளமாணு. வெள்ளத்துல கிடக்கு.”

“எங்க கிடந்தாலும் தரை தரைதாண்டே. நீ ஏன் அந்தப் பக்கம் நிக்கே? இங்க வந்து நில்லு.”

பிஜு வந்து நின்றான். போதவில்லை. சமையல் கேஸ் சிலிண்டரை இந்தப் பக்கம் உருட்டச் சொன்னார். தண்ணீர்க் கேன்களை அந்தப் பக்கம் வைக்கச் சொன்னார். மேரி அக்காவைப் பின்பக்கம் உட்காரவைத்து, “அக்கா, கொஞ்சம் தள்ளி. இன்னும் கொஞ்சம். போதும், அசையாதேயும்” என்றார். குமிழ் நடுவுக்கு வந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் ஒரு சவாரிப் படகு போனது. அலை வந்தது. குமிழ் போன இடம் தெரியவில்லை.

அண்ணாச்சி கிழித்தெடுத்த சிவப்புக் கார்ப்பெட் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு படகின் முனைக்குப் போய், வருகிற படகுகளை எல்லாம் நிறுத்த ஆரம்பித்தார். “மெதுவாப் போ! இங்க தரை போடுகோம்!” ஒரு படகிலிருந்த வடநாட்டுக்காரர்கள் அதை வரவேற்பு என்று நினைத்துப் பதிலுக்குக் கையை ஆட்டினார்கள்.

மத்தியானம் கடந்தது. ஒரு பலகைகூடப் போடவில்லை. மேரி அக்கா அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஆனால் அவர் கண் மட்டும் என்னையும் வெயிலையும் மாறி மாறிப் பார்த்தது.  நான் சொல்ல வேண்டியது நாக்கு நுனி வரை வந்து வந்து திரும்பிப் போனது.

காற்று ஓய்ந்த ஒரு நேரம். படகு ஒன்றும் வரவில்லை. “எல்லாரும் மூச்சப் பிடியுங்க” என்றார் அண்ணாச்சி. பிடித்தோம். குமிழ் மெல்ல மெல்ல நடுவுக்கு வந்து, இரண்டு கோட்டுக்கும் நடுவே நின்றது. அண்ணாச்சியின் முகம் மலர்ந்தது. முதல் பலகைக்கு என்னிடம் கையை நீட்டினார்.

“சாயா!” என்று கத்திக்கொண்டு கரையிலிருந்து தடதடவென்று படகில் ஏறினார் படகுத்துறை டீக்கடைக்காரர்.

அண்ணாச்சி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். ரசமட்டம் தரையில் கிடந்தது, குமிழ் விளையாடிக்கொண்டிருந்தது. அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

“வாக்கு குடுத்துட்டேனடே” என்றார் மெதுவாக. “ரசமட்டம் பாக்காம இதுவரைக்கும் ஒரு பலக போட்டதில்ல. எப்பிடிப் போட?”

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

“அண்ணாச்சி, அந்தக் கண்ணாடிக் குழாய்க்குள்ளயும் தண்ணி மாதிரிதான இருக்கு? அதுல குமிழ் மிதக்குது. இங்க ஆத்துல வள்ளம் மிதக்குது. நாம இப்ப அந்தக் குமிழுக்குள்ளதான் உக்காந்திருக்கோம். குமிழுக்குள்ள இருந்துகிட்டு குமிழப் பிடிக்க முடியுமா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் உடனே வினைல் கட்டைப் பார்த்தேன்.

 அண்ணாச்சி டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, “எடே, இத காலம்பற சொல்ல என்ன கேடு?” என்றார்.

அதற்கப்புறம் அவர் வேலை செய்ததைப் பார்த்திருக்க வேண்டும். குமிழுக்குமேல் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி மறைத்துவிட்டார். மேடுபள்ளம் மட்டும் தெரிந்தால் போதும் என்று ரசமட்டத்தை வெறும் கட்டையாக்கி, தரையில் குறுக்கும் நெடுக்கும் நிறுத்திப் பார்த்தார். மேடு தெரிந்த இடத்தைத் தேய்த்தோம், பள்ளத்தை நிரப்பினோம். வாசலிலிருந்து எதிர்ச் சுவர் வரை நடுவில் நூல் பிடித்தோம். படகின் அடியில் தேங்கும் தண்ணீரை இறைக்கத் திறக்கும் மூடியைச் சுற்றி அளந்து வெட்டினோம். படகு ஆடியது, நாங்களும் ஆடினோம், பலகைகள் ஒன்றையொன்று டக் டக்கென்று கவ்விக்கொண்டே போயின. ஆற்றின் அக்கரைத் தென்னைகளுக்குப் பின்னால் வெயில் இறங்கியபோது ஓரச் சட்டத்தின் கடைசித் துண்டை அடித்தோம்.

மேரி அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து ஒரு நடை நடந்தார். பிறகு மூக்கை உறிஞ்சி உறிஞ்சி நான்கு மூலையிலும் மோந்து பார்த்தார்.

“ஆடு போயி” என்றார். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் காலை குடும்பம் வந்தது. யாரும் மூக்கைப் பொத்தவில்லை. மணப்பெண்ணான அறுபதை நெருங்கும் அம்மாள் தரையைக் காலால் தடவி, “இது ஒரிஜினல் தேக்கா?” என்று கேட்டார்.

“இல்லம்மா, பிளாஸ்டிக்” என்றார் அண்ணாச்சி. “ஆனா நேரா இருக்கும்.”

மாலை மாற்றினார்கள். போட்டோ எடுக்கக் குடும்பம் மொத்தமும் ஒரே பக்கம் போய் நெருக்கி நின்றது. படகு சரிந்தது. கரையில் நின்ற அண்ணாச்சியின் கை தன்னையறியாமல் இடுப்புக்குப் போனது.

“பாதிப் பேரு அந்தப் பக்கம் போங்கய்யா! மாப்பிள வீட்டுப் பக்கம் தாழுது!”

மாப்பிள்ளைக்கு வயது அறுபது என்பதால் அடிக்க அவருக்குச் சித்தப்பா யாரும் மிச்சமில்லை. எல்லோரும் சிரித்துக்கொண்டே பிரிந்து நின்றார்கள். மேரி அக்காவின் படகு இன்றைக்கும் ஓடுகிறது. வருகிறவர்கள் முதலில் தரையைத்தான் படம் எடுக்கிறார்களாம்.

அண்ணாச்சிக்கு முழங்கால் வலி வந்து தரையில் உட்கார முடியாமல் போனதும், மகள் வீட்டோடு போய்விட்டார். மகளைக் கட்டிக்கொடுத்திருப்பது போனக்காட்டில், தேயிலை எஸ்டேட்டில். மலைச்சரிவு. கால் வைக்கிற இடமெல்லாம் கோணல். எந்தப் புண்ணியவான் பார்த்து முடித்த சம்பந்தமோ.

போன வாரம் போன் செய்தார். “எடே, இங்க ஒரு இடமும் நேரில்லடே. டம்ளர வச்சா சாயா சாஞ்சுல்லா நிக்கு.”

“சாயா நேராத்தான் அண்ணாச்சி நிக்கும். டம்ளர்தான் சாஞ்சிருக்கும்.”

“இப்ப வாய் வந்துட்டு உனக்கு” என்று சிரித்தார். ஓணத்துக்கு வருவதாகச் சொன்னார்.

எங்கள் வீட்டுக் காலண்டர் ஆணியில் கொஞ்சம் கோணலாகத் தொங்குகிறது. மனைவி தினமும் சொல்கிறாள். நான்தான் தொடாமல் வைத்திருக்கிறேன். அவர் வரும்போது திட்டுவதற்கு ஏதாவது வேண்டாமா?