‘அப்பவே’ ஆசாமி

எங்கள் ஊரில் ஓர் இனம் உண்டு. அதற்கு நான் வைத்திருக்கும் பெயர் ‘அப்பவே’ ஆசாமி. ரயிலில் இருப்பார், அலுவலகத்தில் இருப்பார், பல் மருத்துவரின் வாசலில் கன்னத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார். நீங்கள் உங்கள் புதுப் போனைப் பையிலிருந்து எடுக்க வேண்டியதுதான். இரண்டு இருக்கை தள்ளித் தூங்கிக்கொண்டிருந்தவர் ஒற்றைக் கண்ணைத் திறந்து, “அது நம்மகிட்ட அப்பவே இருந்துச்சே” என்பார். எப்போது? அப்போது. வருஷம் மட்டும் கேட்டுவிடாதீர்கள். சொல்லிவிடுவார்.

இந்த இனத்தின் அசல் மாதிரி ஒன்று ஜப்பானின் ஹமாமாட்சு நகரில், பியானோவுக்குத் திருகாணி விற்கும் எங்கள் கம்பெனியில், எனக்கு எதிர் மேசையில் உட்கார்ந்திருக்கிறது. பெயர் இசோகாவா. வயது ஐம்பத்தைந்து. காலையில் வந்ததும் கோட்டைக் கழற்றி மாட்டி, தேநீரை ஒரு வாய் குடித்து, இடுப்புப் பையிலிருந்து மடக்குப் போனை எடுத்து, கட்டைவிரலால் ‘டக்’கென்று திறந்து, நெற்றியைச் சுருக்கிப் பார்த்து, ‘பட்’டென்று மூடுவார். ஒரு மண்ணும் வந்திருக்காது. அவரை அழைக்க ஆள் ஏது? மனைவி விட்டுப்போய் நாலு வருஷமாகிறது. இருந்தாலும் அந்த ‘பட்’டில் ஒரு மந்திரி கையெழுத்துப் போட்ட கம்பீரம் இருக்கும்.

கணக்குப் பிரிவில் கோமோரி என்று ஒரு பெண். பாவம், வெகுளி. ஒருநாள் வாய் தவறி, “போனைக் காட்டினாலே ஸ்டேஷன்ல கேட் கதவு திறந்துடுதுங்க” என்று சந்தோஷப்பட்டுவிட்டாள்.

“அது நம்மகிட்ட அப்பவே இருந்துச்சும்மா” என்றார் இசோகாவா. “நான் இதைக் காட்டி ரயில் ஏறி, இதைக் காட்டியே நூடுல்ஸ் வாங்கி, இதுலயே டி.வி. பாத்துக்கிட்டு சாப்பிட்டவன். அப்போ அமெரிக்காக்காரன் என்ன பண்ணிட்டிருந்தான் தெரியுமா? ‘ஹலோ, கேக்குதா, ஹலோ’ன்னு கத்திட்டு இருந்தான்.”

“அப்புறம் ஏங்க இப்ப எல்லாரும் அவங்க போனை வச்சிருக்காங்க?”

“உள்ள இருக்கிற கேமராக் கண்ணு யாருது? நம்மளது!”

வீட்டை விற்றுவிட்டு, கதவின் கைப்பிடி நான் செய்தது என்று தெருவில் நின்று மார்தட்டுகிறவரை என்ன செய்வது?

எரிச்சல் என்னவென்றால், அவர் சொல்வதில் பொய் இல்லை. உலகத்துக்கே போனில் எண்களை அழுத்திப் பேச மட்டும் தெரிந்திருந்த காலத்தில், நாங்கள் அதில் கடிதம் அனுப்பினோம், படம் பிடித்தோம், சிரிக்கும் முகமும் அழும் முகமும் அனுப்பி விளையாடினோம். எல்லாம் உண்மை. அந்த அதிசயம் எங்கள் கடற்கரையோடு நின்றுவிட்டது என்பதும் உண்மைதானே? அதை மட்டும் இவர்கள் சொல்ல மாட்டார்கள். அந்தக் காலத்தில் நானும் அவரும் வேலையாகத் தைவானிலுள்ள தைப்பேக்குப் போனோம். விமானத்தை விட்டு இறங்கியதும் டி.வி. காட்டும் அந்தப் போன் வெறும் கடிகாரமாகிவிட்டது. ஒரு கோடுகூட சிக்னல் இல்லை. எங்கள் டாக்ஸிக்காரனோ செங்கல் மாதிரி ஒரு போனைக் காதில் வைத்துக்கொண்டு வழியெல்லாம் பெண்டாட்டியோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தான். இசோகாவா என் காதருகே குனிந்து கேட்டார்: “அவன் போன்ல டி.வி. வருமா?”

வராது. பேச்சு வந்தது.

இப்படிப்பட்டவரை என் மனைவி ஒரு சனிக்கிழமை கல்யாணச் சந்திப்புக்குக் கூப்பிட்டாள். ஐம்பது தாண்டியவர்களுக்காக அவள் நகராட்சிக் கூடத்தில் நடத்துவது அது. பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஆண்கள் மணி அடித்ததும் அடுத்த நாற்காலிக்கு நகர வேண்டும். மணி அடிப்பது என் உத்தியோகம். கடைசியில் ஐந்து நிமிடம் விடுவோம். பிடித்தவரிடம் போய் எண்ணைக் கேட்கலாம். அந்த ஐந்து நிமிடத்தைத் தவறவிட்டால் தவறவிட்டதுதான். பிறகு யாருடைய எண்ணையும் என் மனைவி யாருக்கும் தர மாட்டாள். அவள் சட்டம் அது.

வாசலிலேயே அவரை நிறுத்தி எச்சரித்தாள். “இசோகாவா சான், போனைப் பத்தி வாயே திறக்கக் கூடாது. சத்தியம் பண்ணுங்க.”

“சேச்சே, அதைப் போய் இங்க பேசுவேனா?”

சொன்னபடி பேசவில்லை. நான் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்தேன். ஏழாவது நாற்காலியில் நெகிஷி என்று ஓர் அம்மாள், பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்ப்பவர், கணவரை இழந்தவர். அவரிடம் இசோகாவா தலையைக் குனிந்துகொண்டு, “ஞாயித்துக்கிழமை கியோசா கொழுக்கட்டை பண்ணுவேங்க. மாவைக் கொஞ்சமா பிசையத் தெரியாது. நாப்பது ஆயிடும். நாலு நாள் நானே தின்னுவேன்” என்றார். அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “நான் முந்நூறு பேருக்குச் சமைக்கிறவ. வீட்டுக்குப் போனா எனக்குன்னு ஒரு முட்டை உடைக்கத் தோணாது” என்றார். நான் மணியைக் கொஞ்சம் தாமதமாக அடித்தேன். நாலு வருஷத்தில் அந்த மனிதர் இத்தனை அழகாகப் பேசி நான் கேட்டதில்லை. அவருக்காக எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

கடைசி ஐந்து நிமிடம் வந்தது. நெகிஷி அம்மாள் தானாகவே எழுந்து, கூடத்தைக் கடந்து, நேராக இவரிடம் வந்தார். யாருக்குக் கிடைக்கும் இந்த யோகம்?

“உங்க நம்பர் குடுக்கிறீங்களா?” என்றார்.

இசோகாவாவின் கை இடுப்புக்குப் போனது. ‘டக்.’

“உங்க போனோட தலையை இதோட தலைகிட்ட கொண்டு வாங்க. இன்ஃப்ராரெட். ரெண்டே செகண்டு, பேரு, நம்பர், பிறந்தநாள் எல்லாம் தானா போயிடும்.”

“இதுல அது இல்லீங்களே.”

“இல்லியா!” அவர் முகத்தில் ஒளி வந்துவிட்டது. “அதான் சொல்றேன்! வெளிநாட்டுப் போன்! நம்மகிட்ட அப்பவே…”

“அப்போ இந்த கியூ.ஆர். கட்டத்தைப் படம் புடிங்க, போதும்” என்று அந்த அம்மாள் பொறுமையாகத் திரையைக் காட்டினார்.

“இந்தக் கட்டம் யாரு கண்டுபுடிச்சது தெரியுமா? நம்மாளுங்க! பக்கத்து மாகாணத்துல, கார் பாகத்தை எண்ணுறதுக்கு. ஆனா பாருங்க, இன்ஃப்ராரெட்னா இந்தக் கட்டமே வேண்டாம்…”

தொலைவில் நின்ற என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். நான் அவருக்குப் பின்னால் நின்று இருமினேன். நாற்காலியை இழுத்துச் சத்தம் எழுப்பினேன். யோவ், பதினொரு எண்! வாயால் சொல்லித் தொலையேன்! அவரோ கேமராவுக்குப் போய், டி.வி.க்குப் போய், தண்ணீரில் விழுந்தாலும் சாகாத போன் வரைக்கும் போய்விட்டார். ஐந்து நிமிடம் முடிந்தது. மனைவியின் சட்டத்தை மீறி இன்னும் கொஞ்சம் விட்டேன். நெகிஷி அம்மாள் போனை மெல்லக் கைப்பைக்குள் வைத்தார். “பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க. ரொம்ப விஷயம் தெரிஞ்சுக்கிட்டேன்” என்று முதுகு வளைய வணங்கிவிட்டு நடந்தார்.

நான் மணியை அடித்தேன். இனி அடித்து என்ன, அடிக்காமல் என்ன?

இசோகாவா போனை மூடினார். ‘பட்.’ என்னிடம் வந்து ரகசியம் சொல்லும் குரலில் சொன்னார்: “நல்ல பொம்பளைதான். ஆனா பாத்தீங்களா, அவங்க போன்ல இன்ஃப்ராரெட் இல்ல. பாவம்.”

எனக்கு வந்த கோபத்தில் மணியை அவர் தலைமேல் போட்டிருப்பேன். அந்த ஞாயிற்றுக்கிழமையும் நாற்பது கியோசாவை அவர் தனியாகத்தான் தின்றிருப்பார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள், உங்களிடம்தான் மடக்குப் போன் இல்லையே. ஆனால் அடுத்த முறை, உங்களுக்குப் பிடித்த ஒருவர் வலிய வந்து உங்களிடம் ஏதாவது கேட்டால், பதிலைச் சொல்லி முடித்த பிறகு ஒரு தடவை நிமிர்ந்து பாருங்கள். அவர் இன்னும் எதிரில் நிற்கிறாரா?