தாலி என்று எழுதி அனுப்பிய பந்தி

"விண்ணப்பத்துடன் இணைக்கப்படும் சான்று முழுமையானதாக இருத்தல் வேண்டும், பகுதிப் பிரதிகள் ஏற்கப்படமாட்டா." திருகோணமலையில் ஒரு அரசாங்கக் கந்தோரில் முப்பத்தொரு வருடம் இருந்து, இந்த விதியைச் சொல்லியே பலரைத் திருப்பி அனுப்பியவன் நான். கடைசியில் அது என் சொந்தப் பெறாமகளின், அதாவது தம்பி மகளின், கலியாண வீடியோவில் வந்து மாட்டியது.

உலகத்தில் எதையும் முழுதாகச் செய்யாமலே பெயரெடுத்த ஒரே மனிதர் துண்டு மாஸ்டர்தான். ஓர்ஸ் ஹில்லில் வீடியோக் கடை. பேப்பரில் நடுப்பக்கம் மட்டும் வாசிப்பார். பாணில் நடுத்துண்டுதான் தின்பார். ஒருமுறை சலூனில் பாதித் தலை வெட்டும்போது கரண்ட் நின்றுவிட, "மிச்சம் நாளைக்கு" என்று எழும்பிப் போய், அதே தலையோடு ஒரு கலியாணத்தைப் படம்பிடித்து முடித்தார்.

அவர் பக்கமும் நியாயம் இருந்தது. யுத்த காலம். வெட்டி ஒட்டிய படத்தைக் கணினி ஓடக்கூடிய வீடியோவாக ஆக்குவதற்கு ரெண்டர் என்று பெயர். மூன்று மணித்தியாலக் கலியாணத்துக்கு ஒன்பது மணித்தியாலம் பிடிக்கும். எங்கள் ஊரில் அவ்வளவு நேரம் தொடர்ந்து கரண்ட் இருந்தால் சனம் பயந்துபோகும். ஆகவே மாஸ்டர் திரையில் தொடக்கத்துக்கு ஒன்று, முடிவுக்கு ஒன்று என இரண்டு குறி வைத்து, இடையில் உள்ள துண்டை மட்டும் ரெண்டர் பண்ணுவார்.

மாப்பிள்ளை கனடாவிலிருந்து வந்து, தம்பலகாமத்தில் தாலி கட்டி, பத்தாம் நாள் திரும்பிவிட்டார். விசாக்காரர் இது மெய்க் கலியாணமா என்று சந்தேகப்பட்டு வீடியோ கேட்டார்கள். அவர்கள் நம்பாவிட்டால் பெறாமகள் இங்கே, புருசன் அங்கே. சீடியை அனுப்பவேண்டிய கொழும்பு பஸ் புறப்பட இரண்டு மணித்தியாலமே இருந்தபோது நான் கடைக்கு ஓடினேன்.

"முழுசா வேணும் மாஸ்டர்."

"ஏலாது ஐயா. கரண்ட் இப்ப போகும். தாலிகட்டைத் தாறன், பன்னிரண்டு நிமிசம். மூண்டு மணித்தியாலம் குந்தியிருந்து பாக்க வெள்ளைக்காரனுக்கு என்ன, நேர்த்திக்கடனே?"

சீடி வெளியே வந்ததும் கரண்ட் போனது. போட்டுப் பார்க்க வழியில்லை. அதன்மேல் 'தாலி' என்று எழுதித் தந்தார். அனுப்பிவிட்டேன்.

நாலாம் நாள் மாஸ்டர் சைக்கிளில் வந்து நின்றார்.

"ஐயா, ஒரு சின்னக் கதை."

இப்படித் தொடங்கிய எந்தக் கதையும் எங்கள் ஊரில் சின்னதாக முடிந்ததில்லை. நிறம் பார்க்க மாஸ்டர் எப்போதும் சாப்பாட்டுப் பந்தியில்தான் குறி வைப்பார். கறியின் சிவப்புச் சரியென்றால் மனிதரின் நிறமும் சரி என்பது அவருடைய சாத்திரம். அந்தக் குறிகளை நகர்த்த மறந்துவிட்டார். தாலி என்ற பெயரில் கொழும்புக்குப் போனது பந்தி.

கடைக்குப் போய்ப் பார்த்தேன். மாப்பிள்ளை தன் இலைக் கத்தரிக்காயைக் களவாகப் பெறாமகளின் இலைக்குத் தள்ளுகிறார். அவள் அதைச் சோற்றால் மூடுவதுபோல மூடி, சோற்றோடு திருப்பித் தள்ளுகிறாள். மேசைக்குக் கீழே ஒரு மிதி. அவர் "ஆ" என்கிறார். பிறகு, ஒருவரும் பார்க்கவில்லை என்று நினைத்து, அவர் நாடியில் ஒட்டிய பாயசத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிடுகிறாள். பன்னிரண்டு நிமிடத்தில் ஒரு மந்திரம் இல்லை, ஒரு ஐயர் இல்லை.

"பிள்ளையின்ர வாழ்க்கை ஐசே! உம்மை நம்பின என்னைச் சொல்லவேணும்!"

அவர் தலையைச் சொறிந்தார். "பிழைதான் ஐயா. ஆனா ஒண்டு. தாலி கூலிக்கும் கட்டுவாங்கள். கத்தரிக்காய் ஒளிக்கிறதுக்குச் சொந்தப் புருசன் வேணும்."

வருத்தம் தெரிவித்து மூன்று பிரதியில் கடிதம் எழுதி, உண்மையான தாலித் துண்டையும் சேர்த்து அனுப்பினேன். பெறாமகள் மாதக்கணக்காக என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. மாஸ்டரோ தபால்காரர் வரும் நேரம் பார்த்துத் தினமும் எங்கள் வீட்டு வாசல் படலையடிக்கு வருவார். "வந்ததே?" "இல்லை." சைக்கிள் திரும்பிவிடும்.

ஒருவழியாக அவளைக் கொழும்புக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரி கோப்பைப் புரட்டிவிட்டு, மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டாராம்: "அவர் இப்பவும் கத்தரிக்காய் சாப்பிடமாட்டாரா?"

"போனிலயும் அதுதான் சேர் சண்டை" என்றாளாம் இவள்.

அதற்குப் பிறகும் பதில் வரச் சுணங்கியது. வந்த அன்று, கடிதத்தைப் பிரித்து, விசா கிடைத்த சந்தோசத்தில் பெறாமகள் போட்ட கூச்சலில் படலையடியில் நின்ற மாஸ்டரின் சைக்கிள் சரிந்து விழுந்தது. அவர் அதை நிமிர்த்தவில்லை. முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். இந்த மனிதர் இல்லாமல் என் குடும்பத்தில் இனி ஒரு கலியாணமும் நடக்காது என்று நான் முடிவெடுத்தது அன்றைக்குத்தான்: தைப்பொங்கலுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை.