மூன்று என்றால் முதல் வகுப்பு

உலகத்தில் நியாயம் குறைந்துவருகிறதே என்று கவலைப்படுகிறவர்கள் பலவிதம். அவர்களில், கையில் செல்போனோடு அந்தக் குறையைத் தீர்க்கப் புறப்பட்ட ஓர் இனம் உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். இரண்டு பேர் இருந்தால் வேறு வீடு பார்ப்பது நல்லது. திருவனந்தபுரத்தில் கரமனைப் பக்கம் இருப்பவர் பகவதிப்பெருமாள். முப்பத்தோரு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர்.

குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் அவர் எழுந்தால் தட்டில் சூடாக வைத்த பழம்பொரி ஆறிவிடும்.

"வீடு வீடாச் சோறு கொண்டாற மனுசன நம்பராக்கிட்டான் சாரே. வெயில் பாக்கானா, மழை பாக்கானா? ஒரு கம்ப்யூட்டர் எங்கயோ இருந்துகிட்டு, இவனுக்கு இன்னிக்குச் சோறு உண்டு, அவனுக்கு இல்லன்னு தீருமானிக்குது. இது எவ்விடத்தெ நியாயம்?"

எல்லோரும் கை தட்டுவார்கள். சிலர் பேச்சு முடிந்த மகிழ்ச்சியில் தட்டுவார்கள்.

வெறும் வாய்ச்சொல் என்று நினைத்துவிடாதீர்கள். மனைவி சிவகாமியம்மாளுக்கு முட்டுவலி வந்ததிலிருந்து காலைப் பலகாரம் பழவங்காடி ஓட்டலிலிருந்துதான் வருகிறது. போனில் டெலிவரி கம்பெனியின் ஆப்பைத் தட்டினால் போதும். கொண்டுவருகிறவர் பெரும்பாலும் வன்னியராஜ். நாங்குநேரிக்காரர், நாற்பதைத் தாண்டியவர், சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போனதும் கொத்தனார் வேலையை விட்டு ஸ்கூட்டரில் ஏறியவர். பகவதிப்பெருமாள் அவரை நிழலில் உட்காரவைப்பார், மோர் கொடுப்பார், மகளின் படிப்பை விசாரிப்பார், அரைமணி நேரம் பிந்தினாலும் முகம் சுளிக்கமாட்டார்.

"உம்ம மாதிரி ஒரு ஆள நான் பாத்ததில்ல வே" என்பார்.

"சாரு வீட்டுக்கு வந்தாத்தான் ஒரு சமாதானம்" என்பார் வன்னியராஜ்.

ஸ்கூட்டர் தெருமுனை திரும்பட்டும், அப்புறம் பாருங்கள். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, இட்லி ஆறினால் ஆறட்டும் என்று ஒதுக்கிவைத்துவிட்டு, போனில் வரிசையாக நிற்கும் ஐந்து நட்சத்திரங்களையும் முழுப்பரீட்சைத் தாளைப் பார்ப்பதுபோல உற்றுப் பார்ப்பார். ஊரில் பத்தில் ஒன்பது பேர் அந்தப் பக்கமே போவதில்லை. இவர் ஒருநாள் தவறியதில்லை. மரியாதைக்கு ஒன்று. நேரத்துக்கு ஒன்று. சாம்பார் சிந்தாமல் வந்ததற்கு ஒன்று. ஆக மூன்று. ஐந்துக்கு மூன்று என்றால் அறுபது சதம். அறுபது சதம் என்றால் என்ன? முதல் வகுப்பு. அவரிடம் படித்து முதல் வகுப்பு வாங்கியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வன்னியராஜ் தினமும் வாங்கினார்.

"அஞ்சையும் குத்துனா என்ன? கைக்காசா போகுது?" என்று சிவகாமியம்மாள் கேட்டதுண்டு.

"நூத்துக்கு நூறு போட்டா பெறகு எவன் படிப்பான்? நான் மூணு போடுததே பாசத்துலயாக்கும்."

இரண்டு மாதம் இந்தப் பாசம் இடைவிடாமல் பொழிந்தது.

ஒரு திங்கட்கிழமை பொட்டலத்தோடு பினு என்று வேறொரு ஆள் வந்து நின்றார்.

"வன்னியராஜ் எங்கே?"

"அண்ணன்டெ ஐடி பூட்டிப் போயி சாரே. ரேட்டிங் நாலரைக்குத் தாழ வந்தா பின்னே பணியில்ல. கடைசியா ரேட்டிங் போட்ட நூறு பேர்ல எழுபது பேர் அஞ்சு. முப்பது மூணு. அந்த முப்பதும் இந்த ஏரியாவில ஏதோ ஒரு துஷ்டன் குத்தினதுன்னு அண்ணன் பறஞ்சு."

"இப்ப எங்க இருக்காரு?"

"காலையில தம்பானூர்ல கூலிக்கு நிக்குது. அந்த இடுப்ப வச்சிட்டு சிமெண்ட் மூட்டை சொமக்குது சாரே. பாவம்."

கணக்கு வாத்தியாருக்குத் தாள் தேவைப்படவில்லை. எழுபதை ஐந்தால் பெருக்கினார், முப்பதை மூன்றால் பெருக்கினார், கூட்டி நூறால் வகுத்தார். நாலு புள்ளி நாலு. மறுபடி போட்டுப் பார்த்தார். நாலு புள்ளி நாலேதான். சரியான விடை ஒன்று அவர் நெஞ்சை அப்படி அடைத்தது அதுதான் முதல் தடவை. இட்லியைத் தொடவில்லை. அந்த வருத்தம் நிஜமானது. அதில் நாம் மார்க் குறைக்க வேண்டாம்.

வருத்தம் வந்தால் இந்த இனம் என்ன செய்யும்? மனு எழுதும். மனிதனை எண்ணால் அளக்கும் கொடுமையைக் கண்டித்து கம்பெனிக்கு நான்கு பக்கம் எழுதினார். கம்ப்யூட்டரைத் திட்டினார், முதலாளியைத் திட்டினார், காலத்தைத் திட்டினார். முப்பது மூன்றுகளைப் பற்றி ஒரு வரி எழுத இடம் போதவில்லை.

மனு முடிந்து கையெழுத்தும் போட்டாயிற்று. அப்போது போன் கிணுங்கியது. பினு எப்படி என்று கேட்டது.

"அஞ்சு குத்துங்க" என்றார் பின்னால் நின்ற சிவகாமியம்மாள்.

விரல் ஐந்தாவது நட்சத்திரம் வரைக்கும் போனது. போய், நின்றது. பினு போகும்போது கேட்டைச் சாத்தவில்லை. பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தால் நியாயம் என்னாவது?

"நாலு போடுதேன். எங்கிட்ட நாலு வாங்குனவன் கெடையாது. டிஸ்டிங்ஷனாக்கும்."

"நாலு, நாலரைக்கு மேலயா, கீழயா?"

கணக்கு வாத்தியாரின் விரல் ஏற்கெனவே அழுத்திவிட்டிருந்தது.

இப்படி ஒருவரை நீங்கள் பார்த்ததே இல்லை என்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் இதைப் படித்துக்கொண்டே வரும்போது, 'பரவாயில்லை, இன்னும் முன்னேற இடமிருக்கிறது' என்று மனசுக்குள் இந்தக் கதைக்கு ஒரு மூன்று போட்டீர்களே, அது யார்?