மூன்றாம் கியரை அவமதித்த குற்றம்

உலகம் இன்றுவரை ஒழுங்காக உருண்டுகொண்டிருப்பதற்கு ஒரே காரணம் வரிசை. ஞாயிற்றுக்குப் பிறகு திங்கள்தான் வருகிறது. திங்களைப் பிடிக்கவில்லை என்பதற்காக யாரும் நேராகச் செவ்வாய்க்குப் போய்விட முடிவதில்லை. இந்தப் பேருண்மையை மனிதகுலம் நெடுங்காலமாக அறிந்திருந்தாலும், அதைச் சுற்றறிக்கையாக வெளியிட்ட பெருமை எங்கள் மேலாளரையே சேரும். அதை நகலெடுத்துச் சுவரில் ஒட்டிய பெருமை என்னைச் சேரும்.

நான் தண்ணீர் மீட்டர் சோதனை அலுவலகத்தில் வாகனப் பிரிவுக் கண்காணிப்பாளன். பிரிவில் ஒரு கார், ஒரு டிரைவர், ஒரு கண்காணிப்பாளர். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. அதனால்தான் என்னால் நடுநிலையோடு கண்காணிக்க முடிந்தது.

மேலாளர் இரண்டு நாள் பயிற்சி முகாமுக்குப் போய்வந்தார். போகும்போது சாதாரண மனிதராகத்தான் போனார். திரும்பும்போது கழுத்தில் அடையாள அட்டை, கையில் "படிப்படியான உன்னதம்" என்று அச்சடித்த பை, கண்ணில் தனி ஒளி. வந்த அன்றே கூட்டம் போட்டு, "ஒரு படியைத் தாண்டுறவன், ஒரு நாள் எல்லாத்தையும் தாண்டுவான்" என்று அறிவித்தார். எல்லோரும் கைதட்டினோம். மறுநாள் மாடிப்படியில் இரண்டிரண்டாக ஏறிய தட்டச்சர் கீழே அனுப்பப்பட்டு, ஒவ்வொன்றாக மறுபடியும் ஏறவைக்கப்பட்டார். அந்த அம்மாவுக்கு ஐம்பது வயது. மேலே வந்து சேர்ந்தபோது மூச்சு வாங்கினாலும் முகத்தில் உன்னதம் தெரிந்தது என்று மேலாளர் சொன்னார்.

இந்த நிலையில்தான் ஒரு நாள் அவர் காரின் முன்சீட்டில் உட்கார்ந்தார்.

எங்கள் டிரைவருக்கு ஒரு பெயர் இருந்தது. ஆனால் அலுவலகமே அவரைத் தாண்டவராயன் என்றுதான் கூப்பிடும். காரணம், இரண்டாம் கியரிலிருந்து நான்காவதுக்கு நேராகத் தாண்டுவார். நிறுத்த வேண்டி வந்தால் ஐந்திலிருந்து இரண்டுக்கு இறங்குவார். இருபத்திரண்டு வருடம் ஓட்டினார். காரில் ஒரு கீறல் கிடையாது.

"யோவ், நில்லு. ரெண்டுலேர்ந்து இப்ப எங்க போன?" என்றார் மேலாளர்.

"நாலுக்கு சார்."

"மூணு எங்கய்யா?"

"தேவைப்படல சார். இறக்கம் பாருங்க, வண்டி தானாவே வேகம் எடுத்துருச்சு. மூணைப் போட்டு உடனே எடுக்கறதுக்கு நேரா நாலே போட்டுடலாம். வண்டிக்கு ஒண்ணும் ஆகாது."

"வண்டிக்கு ஆகாது. ஒழுங்குக்கு?"

டிரைவர் கொஞ்சம் யோசித்தார். "அப்படி ஒரு பார்ட்டு இந்த மாடல்ல இல்ல சார்" என்றார். கேலி செய்யவில்லை. அந்த மனிதருக்குக் கேலி செய்யத் தெரியாது. அவருடைய எல்லாத் துன்பத்துக்கும் அதுதான் காரணம் என்று இப்போது நினைக்கிறேன்.

விஷயம் உள்தணிக்கை அம்மையாரிடம் போனது. அவர் கண்ணில் படாமல் அலுவலகத்தில் ஒரு குண்டூசி தப்ப முடியாது. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"அஞ்சு கியர் உள்ள வண்டி வாங்கியிருக்கீங்க. மூணாவது கியர் எத்தனை வருஷமா சும்மா கிடக்கு?"

"சரியாத் தெரியல மேடம்."

"சும்மா கிடக்கிற பொருளைக் கழட்டி ஸ்டோர்ல ஒப்படைக்கணும்னு விதி இருக்குல்ல?"

கேள்வி நியாயமாகப் பட்டது. டிரைவரிடம் போய்க் கழற்ற முடியுமா என்று கேட்டேன்.

"கழட்டலாம் சார். கூடவே மத்த நாலும் வந்துரும்" என்றார்.

ஆகவே கழற்றுவது கைவிடப்பட்டு, பயன்படுத்துவது என்று முடிவானது. வரலாற்றுச் சிறப்புமிக்க அந்தச் சுற்றறிக்கையின்படி, இனி ஒவ்வொரு கியரும் வரிசைப்படியே போடப்பட வேண்டும்; ஒவ்வொன்றிலும் டிரைவர் வாய்விட்டு மூன்று எண்ண வேண்டும்; எண்ணினாரா என்று பக்கத்தில் உட்கார்ந்து கண்காணிப்பாளர் தாளில் குறி போட வேண்டும். அன்றுமுதல் எங்கள் கார் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சொல்லிக்கொண்டே ஊருக்குள் ஊர்ந்தது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். சிலர் என் குடும்பத்தையும் விசாரித்தார்கள். முன்பு இருபது நிமிடத்தில் முடிந்த பயணம் முப்பத்தைந்து நிமிடம் ஆனது. மாதாந்திர அறிக்கையில் "பயண நேரத்தில் எழுபத்தைந்து சதவீத வளர்ச்சி" என்று எழுதினேன்.

இரண்டு மாதம் கழித்து டிரைவர் கையில் ஒரு தாளோடு என் மேஜைக்கு வந்து நின்றார்.

"சார், பிரேக் சரியில்ல. ஒரு மிதிக்குப் பிடிக்க மாட்டேங்குது. ரெண்டு மூணு தடவ மிதிச்சாத்தான் பிடிக்குது. ஒர்க்‌ஷாப்புக்கு விடணும். எழுதியே கொண்டாந்துட்டேன்."

வாங்கிப் படித்தேன். தெளிவான கையெழுத்து. ஒரு பிழைகூட இல்லை. படித்து முடித்துத் திருப்பிக் கொடுத்தேன்.

"இதை ஏன் என்கிட்ட கொடுக்கறீங்க?"

"நீங்கதானே சார் வாகனப் பிரிவு?"

"நான் அஞ்சாவது மேஜை. நேரா அஞ்சுக்கு வந்தா எப்படி? முதல் மேஜையில கொடுங்க. அங்கேருந்து ரெண்டு, மூணு, நாலு. அப்புறம் என்கிட்ட வரட்டும்."

"பிரேக்குக்கும் கியர் இருக்கா சார்?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. தாளை எடுத்துக்கொண்டு முதல் மேஜைக்குப் போனார். முதல் மேஜை அன்று விடுப்பில் இருந்தது.

அடுத்த வாரம், புதிய ஒழுங்குமுறையின் வெற்றியை நேரில் கண்டு மகிழ ஒரு சோதனை ஓட்டம் ஏற்பாடானது. மேலாளரும் தணிக்கை அம்மையாரும் பின்சீட்டில். நான் தாளோடு முன்சீட்டில். எங்கள் அலுவலகம் ஒரு மேட்டின் உச்சியில் இருக்கிறது. அங்கிருந்து ஊருக்கு நான்கு கிலோமீட்டர் இறக்கம். பாதியில் ஒரு வளைவு, வளைவுக்கு அந்தப் பக்கம் பள்ளம்.

"சார், இறக்கம் இன்னைக்கு வேணாமே. பிரேக் நம்பறதுக்கில்ல" என்றார் டிரைவர்.

"ஒழுங்கை நம்பு. எல்லாம் பிடிக்கும்" என்றார் மேலாளர்.

டிரைவருக்கு அலுவலகக் குடியிருப்பில் வீடு, அதில் மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்கள். வண்டியை எடுக்க மாட்டேன் என்று சொல்லும் வசதி அவருக்கு இல்லை. எடுத்தார்.

ஒன்று எண்ணப்பட்டது. இரண்டு எண்ணப்பட்டது. மூன்று பெருமையோடு எண்ணப்பட்டது. "பாத்தீங்களா, எவ்வளவு இதமா இருக்கு" என்றார் மேலாளர். நான்காவதில் போய்க்கொண்டிருந்தபோது வளைவு தெரிந்தது. டிரைவர் பிரேக்கை மிதித்தார். பெடல் தரையைத் தொட்டது. மறுபடி மிதித்தார். மறுபடியும் தரை. கார் வேகம் கூடிக்கொண்டே போனது.

அதன்பின் நடந்ததை உள்ளபடியே சொல்கிறேன். மேலாளர் தன் தாயாரைக் கூப்பிட்டார். தணிக்கை அம்மையார் கண்ணை மூடிக்கொண்டார். நான் தாளைக் கிழித்துவிட்டு, "எதையாவது போடுய்யா!" என்று அலறினேன். டிரைவர் அலறவில்லை, எண்ணவுமில்லை. கிளட்சை அழுத்தி, ஆக்சிலேட்டரை மிதித்து ஓர் உறுமல் உறுமவிட்டு, நான்கிலிருந்து நேராக இரண்டுக்குத் தள்ளினார். எஞ்சின் கதறியது. யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்தது போல் கார் வேகம் குறைந்தது. கைபிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, வளைவைத் தாண்டி, சாலையோரம் கொட்டியிருந்த மணல் குவியலில் கொண்டுபோய்ச் சொருகினார்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. டிரைவரின் முழங்கையில் மட்டும் ரத்தம். அதைத் துடைக்கக்கூட இல்லை. இறங்கி ஓடிவந்து பின்கதவைத் திறந்து, "மேடம், அடி பட்டுச்சா?" என்று கேட்டார். மேலாளரைத் தாங்கி இறக்கி மணலில் உட்காரவைத்து, தன் பாட்டில் தண்ணீரைக் கொடுத்தார். மேலாளர் பாதி பாட்டிலைக் குடித்தார். மூச்சு திரும்பியது. வாயைத் துடைத்துக்கொண்டு முதல் வார்த்தை பேசினார்.

"மூணு எங்கய்யா?"

விசாரணை மறுவாரமே நடந்தது. குழுவில் நாங்கள் மூவர்தான். சாட்சிகளும் நாங்களே. வெளியாட்களைத் தொந்தரவு செய்ய வேண்டாமே என்ற நல்லெண்ணம்.

"நாலுலேர்ந்து ரெண்டுக்குப் போனீங்களா, இல்லையா?" என்று தணிக்கை அம்மையார் கேட்டார்.

"போனேன் மேடம். மூணைப் போட்டு எண்ணிட்டு இருந்திருந்தா நாம பள்ளத்துல இருந்திருப்போம். சூப்ரண்டு சாரே 'எதையாவது போடு'ன்னாரு."

"'எதையாவது'ன்னா வரிசைப்படி எதையாவதுன்னு அர்த்தம்" என்று விளக்கினேன். மேலாளர் தலையாட்டிப் பாராட்டினார்.

"சரி, பிரேக் பிடிக்கலன்னு சொல்றியே, முன்னாடியே எழுதிக் கொடுத்திருக்கலாம்ல?" என்றார் மேலாளர்.

டிரைவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். முகத்தில் கோபமே இல்லை. இந்த மனிதன் உண்மையைச் சொல்லிவிடுவான் என்ற நம்பிக்கைதான் இருந்தது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு கூசுகிறது.

"கொடுத்தேன் சார். சூப்ரண்டு சார் கையில வாங்கிப் படிச்சாரு."

"அப்படி ஒரு கடிதம் வந்துச்சா?"

"என் மேஜைக்கு இன்னும் வரல சார்" என்றேன்.

சத்தியமான வார்த்தை. கடிதம் அப்போது மூன்றாவது மேஜையில் இருந்தது.

டிரைவரை வெளியே அனுப்பிவிட்டு ஆலோசித்தோம். பிரேக் பழுது என்று எழுதினால், பிரேக்குக்குப் பொறுப்பு யார் என்ற கேள்வி வரும். அது நான். வேண்டாம் என்றவரை ஓட்டச் சொன்னது யார் என்று வரும். அது மேலாளர். வண்டி முழு நல்ல நிலையில் இருப்பதாக முந்தின மாதம் சான்றளித்தது யார் என்றும் வரும். தணிக்கை அம்மையார் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். பிறகு மூவரும் ஒரே குரலில் உண்மையைக் கண்டுபிடித்தோம். பிரேக் மிக நன்றாக இருந்தது. டிரைவர் காரணமில்லாமல் பதறி, மூன்றாம் கியரைப் புறக்கணித்தார். அலுவலர்கள் கடைசிவரை அமைதி காத்தனர். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. வேலை நீக்கம், ஒரு வாரத்தில் வீட்டைக் காலி செய்ய உத்தரவு. கையெழுத்துகளை மேலாளர், அம்மையார், நான் என்று வரிசைப்படியே போட்டோம்.

சாவியை ஒப்படைக்க வந்தவர் உட்காரவில்லை.

"எனக்காக எதுவும் கேக்கல சார். பொண்ணுங்களுக்குப் பரீட்சை முடியட்டும்னு பத்து நாள் கேட்டேன், அதுவும் இல்லன்னுட்டாங்க. போகட்டும். புதுசா வர்றவர்கிட்ட பிரேக்கைப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. அதை அடக்கிக்கொண்டு, "எழுத்து மூலமா, முதல் மேஜையில கொடுத்துடுங்க" என்றேன்.

அவர் சாவியை மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

பத்து நாள் கழித்து அவருடைய பழைய கடிதம் நான்கு கையெழுத்துகளோடு முறைப்படி என் மேஜைக்கு வந்து சேர்ந்தது. நியாயமாக அன்றே காரை ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பியிருக்க வேண்டும். ஆனால் நன்றாக இருப்பதாகத் தீர்மானம் போட்ட பிரேக்கை எப்படிப் பழுது பார்ப்பது? பழுது பார்த்தால் தீர்மானம் பழுதாகிவிடும். "பார்த்தேன்" என்று எழுதிக் கோப்பில் வைத்தேன்.

புது டிரைவர் தங்கமான மனிதர். ஒரு கியரைக்கூட விடுவதில்லை. குரலும் கணீரென்று இருப்பதால் அவர் எண்ணுவது மூன்றாவது மாடிவரை கேட்கிறது. "பிரேக் ஒரு மாதிரி இருக்கே சார்" என்று வந்த முதல் நாளே கேட்டார். தீர்மானத்தின் நகலைக் காட்டினேன். படித்துத் திருப்தி அடைந்தார். மாலையானால் தட்டச்சர் அம்மாவையும் இரண்டு மீட்டர் சோதனையாளர்களையும் ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் புறப்படுவார். என் பக்கத்தில் வந்ததும் நிறுத்துவார். அதற்குக் கைபிரேக்கைத்தான் இழுக்கிறார் என்பதைக் கவனித்திருக்கிறேன்.

"ஏறுங்க சார், வீட்டுல விட்டுடறேன்" என்பார்.

"இல்லப்பா, நடக்கறது உடம்புக்கு நல்லது" என்பேன். தட்டச்சர் அம்மா ஜன்னல் வழியாகக் கையசைப்பார். நானும் கையசைப்பேன்.

மேலாளர் இப்போதெல்லாம் எளிமை கருதித் தன் சொந்த ஸ்கூட்டரில் வருகிறார். தணிக்கை அம்மையார் மக்களோடு கலந்து பழகுவதற்காகப் பஸ்ஸில் போகிறார். நான் நான்கு கிலோமீட்டரும் நடக்கிறேன். பிரேக் நன்றாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்ட மூன்று பேரில் ஒருவர்கூட அன்றிலிருந்து அந்தக் காரில் ஏறவில்லை.