பேயாண்டிக்கு இரும்பு ஏறிய கதை

என் பெயர் பேயாண்டி. பேய் என்றால் எனக்குக் கைகால் உதறும். சாமி பெயரை வைத்தால் பேய் அண்டாது என்று நினைத்து அப்பா வைத்த பெயர் இது. அந்த விவரம் பேய்களுக்குப் போய்ச் சேரவில்லை.

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் இரும்புக் கடை வைத்திருக்கிறேன். கம்பி, ஆணி, தகரம், கொக்கி. இரும்பைக் கண்டால் காத்து கருப்பு ஓடிவிடும் என்பார்கள். கறிச்சோறு கொண்டுபோகிற தூக்குவாளியில்கூட ஓர் ஆணியைப் போட்டு அனுப்புகிற ஊர் இது. என் கடையில் எட்டு டன் இரும்பு கிடக்கிறது. அந்த எட்டு டன்னுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும்போதுதான் அது என்னைப் பிடித்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை, உச்சி வேளை. கடை ஆள் அழகுபாண்டி சாப்பிடப் போயிருந்தான். கரண்டு போய், மின்விசிறி நின்றது. அப்போது உடுக்கைச் சத்தம் கேட்டது. டும்... டும்... டும்... வாசலுக்கு வந்து பார்த்தேன். வெயிலில் தெரு வெறிச்சென்று கிடந்தது. சத்தம் மட்டும் நிற்கவில்லை. காதைப் பொத்தினேன். இன்னும் பலமாகக் கேட்டது.

சத்தம் என் இடது காதுக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். கெண்டைக்காலில் ஏதோ ஊர்ந்தது. வேட்டியைத் தூக்கிப் பார்த்தால் ஒன்றும் இல்லை. ஆனால் ஊர்ந்தது. சரி, வேலையாவது பார்ப்போம் என்று ஆணிப் பெட்டி எடுக்கப் பரணுக்கு ஏறினேன். மொத்தம் பதினோரு படி. ஆறாவது படியில் என் பிடரிக்குப் பின்னால் யாரோ மூச்சு வாங்கினார்கள். நான் நின்றேன். நான் நின்ற பிறகும் அது மூச்சு வாங்கியது.

அதற்குமேல் நடந்தது அழகுபாண்டி சொல்லித்தான் தெரியும். தகரக் கட்டின்மேல் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்துக் கிடந்தேனாம்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். எடுக்கிற அளவுக்கு இருந்ததே பெரிது. ஹீமோகுளோபின் பதிமூன்று இருக்க வேண்டிய இடத்தில் ஏழு என்று சீட்டு வந்தது. எங்காவது ஒழுகுகிறதா என்று வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார் டாக்டரம்மா. ஒழுகவில்லை. உடம்பில் இரும்புச் சத்து இல்லை, அவ்வளவுதான் என்றார். அழகுபாண்டி சிரிப்பை அடக்க வராண்டாவுக்குப் போனான்.

"என்ன சாப்பிடுவீங்க?" என்று கேட்டார் டாக்டரம்மா.

பதில் சொன்னது என் மனைவி நாகஜோதி. "வெள்ளையா இருந்தாச் சாப்பிடுவாரு டாக்டர். இட்லி, தயிர்ச்சோறு, அப்பளம். பச்சையா எதையாச்சும் தட்டுல வச்சா பாம்பைக் கண்ட மாதிரி எந்திரிச்சுருவாரு. ஈரல்னு பேச்செடுத்தா அன்னைக்குப் பூரா என்னோட பேச மாட்டாரு."

"ரெண்டு மாசம் பாப்போம். மாத்திரை, கீரை, ஈரல். ஏறலைன்னா படுக்க வச்சு ரத்தம் ஏத்த வேண்டியதுதான்."

வெளியே வந்ததும் நாகு என் கையைப் பிடித்தாள். "ஏன் மாமா இம்புட்டுச் சில்லுனு இருக்கு? அன்னைக்கு அழகுபாண்டி ஒரு டீயைக் குடிச்சுட்டு வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? எங்கப்பாவும் 'எனக்கென்ன'ன்னுதான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு." எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் வருத்தம் வேறு, வாய் வேறு.

மாத்திரையைப் பிரித்தேன். துருப்பிடித்த சாவியை நக்கியது போல ஒரு வாடை. முதல் நாள் நெஞ்சு எரிந்தது. இரண்டாம் நாள் காலையில் கழிவறையில் நான் கண்டது கரி. அன்றைக்கே சபதம் எடுத்தேன். எட்டு டன் இரும்பை விற்பேன். ஒரு குண்டுமணி இரும்பை விழுங்க மாட்டேன்.

எங்கள் வீடு நாகமலை புதுக்கோட்டையில். மொட்டை மாடியில் கறிவேப்பிலைத் தொட்டி ஒன்று உண்டு. தினம் ஒரு மாத்திரையை அதன் மண்ணுக்குள் அமுக்கிவிட்டுக் கீழே வருவேன்.

"மாத்திரை போட்டாச்சா?"

"ஆச்சு."

"நாக்கை நீட்டுங்க."

நீட்டுவேன். உற்றுப் பார்ப்பாள். "வெளுத்துத்தான் கெடக்கு" என்று சொல்லிவிட்டுப் போவாள். வேறொன்றும் கேட்க மாட்டாள். அந்த மௌனத்துக்கே நான் பயந்திருக்க வேண்டும்.

கடையில் புதிதாக ஒன்று ஆரம்பித்தது. கம்பியில் அளவு குறிக்கிற வெள்ளைச் சாக்குக் கட்டிகள் டப்பாவில் குறைந்துகொண்டே வந்தன. ஒருநாள் அழகுபாண்டி மிச்சக் கட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான்.

"அண்ணே, இதை எதுவோ திங்கிதுண்ணே. பல்லுத் தடம் தெரியுது."

பல் என்னுடையது. மத்தியானம் ஆனால் கை தானாக டப்பாவுக்குள் போகும், நறநறவென்று மெல்லுவேன். ஏன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. என் வாயை வேறு யாரோ வாடகைக்கு எடுத்த மாதிரி இருந்தது.

"காத்து கருப்பு சேட்டைதாண்ணே. அலங்காநல்லூர் ரோட்டுல முத்திருளன்னு ஒரு கோடாங்கி இருக்காரு. உடுக்கையைத் தொட்டாருன்னா உள்ளது அம்புட்டும் வெளிய வந்துரும்."

எனக்குப் பொறி தட்டியது. பேய்க்கு வைத்தியம் கிடக்கட்டும், நாகுவுக்கு வைத்தியம் கிடைத்துவிட்டது! கேஸ் சிலிண்டருக்கே எலுமிச்சம்பழம் கட்டித் தொங்கவிடுகிறவள் அவள். கோடாங்கி சொன்னால் மறுபேச்சு இருக்காது. கோடாங்கி 'இவனுக்கு இரும்பு ஆகாது' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை வாடிப்பட்டிச் சந்தையில் நல்ல கருங்கோழி ஒன்று வாங்கினேன். கடையில் இருந்த நீல நைலான் கயிற்றால் அதன் காலைக் கட்டி, வண்டியில் மாட்டிக்கொண்டு தன்னந்தனியாகப் போனேன்.

முத்திருளன் ஒடிசலான ஆள். குழி விழுந்த கண். கோழியை வாங்கிக்கொண்டு என் விரல்களைப் பிடித்து நகங்களைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

"என்ன சொல்லணும் தம்பி?"

"இரும்பு ஆகாதுன்னு சொல்லணும் சாமி. வெள்ளைச் சாப்பாடுதான் ஏத்ததுன்னு சொல்லணும்."

"சாமி என்ன சொல்லுதோ அதுதானே வாயில வரும்."

"அது சரிங்க. சாமி இப்படிச் சொன்னா நல்லா இருக்கும்."

தலையை ஆட்டினார். அந்த ஆட்டலுக்கு நானே ஒரு அர்த்தம் எடுத்துக்கொண்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை உச்சி வேளையில் நாகுவோடு போய் உட்கார்ந்தேன். மறுப்பே சொல்லாமல் வந்தாள். சாம்பிராணிப் புகையில் சுவர் தெரியவில்லை. முத்திருளன் உடுக்கையை எடுத்தார். டும்... டும்... டும்... எனக்கு மயிர்க்கால் குத்திட்டது. என் காதுக்குள் கேட்கிற அதே அடி. அதே இடைவெளி. எது உள்ளே, எது வெளியே என்று தெரியவில்லை.

"அடேய் பேயாண்டி!" என்னிடம் கோழியை வாங்கிக்கொண்டபோது இருந்த குரல் இல்லை. "காதுக்குள்ள என் உடுக்கை அடிக்குதாடா?"

இதை நான் எந்த மனிதரிடமும் சொன்னதில்லை. நாகுவிடம்கூட.

"வெள்ளையா எதையோ கடிக்கிறடா. கடிச்சு, சட்டைப் பையில ஒளிச்சு வைக்கிறடா!"

சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டேன்.

"மாடியில ஒரு தொட்டி இருக்குடா. தொட்டி மண்ணுக்குள்ள பன்னெண்டு கண்ணு முழிச்சுப் பாக்குதுடா. செவப்புக் கண்ணு. 'எங்களை ஏண்டா பொதச்சே'ன்னு கேக்குதுடா!"

மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டு. சரியாகப் பன்னிரண்டு. மாத்திரையும் சிவப்புதான். லஞ்சம் கொடுத்ததே எனக்கு மறந்துபோய்விட்டது. "சாமி, என்னை விட்ருங்க" என்று அவர் காலில் விழுந்தேன்.

"ஒன்னைப் பிடிச்சிருக்கிறது கருப்பு. கருப்புக்குக் கருப்பைத்தான் குடுக்கணும். ஒரு மண்டலம், நாப்பத்தெட்டு நாளு, முருங்கைக்கீரையை இரும்புச் சட்டியில கருக்க வதக்கித் திங்கணும். ஈரல் திங்கணும். ஆட்டு மண்ணீரலு, அந்தச் சுவரொட்டியைச் சுட்டுத் திங்கணும். ஒவ்வொரு வேளையும் எலுமிச்சம்பழத்தை அறுத்துச் சோத்துமேல பிழியணும். தின்னு ஒருமணி நேரத்துக்கு டீத்தண்ணி ஆகாது. வெளக்கு வைக்கிற நேரத்துல கருப்பட்டி உருண்டை ஒண்ணு. பல்லு படாம முழுங்கணும். பல்லு பட்டுச்சோ..." சொல்லி முடிக்காமல் உடுக்கையைக் கீழே வைத்தார். முடிக்காததுதான் என்னை மூன்று நாள் தூங்கவிடவில்லை.

நாகு கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். கன்னத்தில் தண்ணீர் வழிந்தது.

மண்டலத்தின் முதல் நாள் நினைத்தாலே இன்னும் உடம்பு சிலிர்க்கிறது. அடுக்களையில் நீலக் கயிறு போட்டுக் கட்டின முருங்கைக்கீரைக் கட்டு தொங்கியது. அடுப்பில் இரும்புச் சட்டி. சட்டிக்குள் கருகருவென்று ஏதோ கொதித்தது. தட்டில் வந்த ஈரல் துண்டு என்னைப் பார்த்தது. கண்ணை மூடினேன். குலசாமியை நினைத்தேன். விழுங்கினேன்.

மிளகும் சீரகமும் போட்டு வதக்கியிருந்தாள். கண்ணைத் திறந்தேன்.

"இன்னொரு துண்டு இருக்கா?" என்று கேட்டது சத்தியமாக நான் இல்லை. எனக்குள் இருந்த அது.

பத்தாம் நாள் கெண்டைக்கால் ஊறல் நின்றது. மூன்றாவது வாரம் சாக்குக் கட்டியைப் பார்த்தால் சாக்குக் கட்டியாக மட்டும் தெரிந்தது. பரண் படி பதினொன்றையும் ஏறினேன். பின்னால் யாரும் மூச்சு வாங்கவில்லை. உடுக்கை தூரம் தூரமாகப் போய், ஒருநாள் மத்தியானம் நின்றேவிட்டது. அந்த நிசப்தத்தில் பக்கத்துப் பூட்டுக் கடைக்காரரின் ரேடியோ கேட்டது. இரண்டு மாதம் முடிந்து ரத்தச் சீட்டு வந்தது. பதினொன்றரை!

டாக்டரம்மாவுக்குச் சொல்ல வேண்டிய நன்றியையும் சேர்த்துக் கோடாங்கிக்குச் சொல்லிவிடலாம் என்று வெற்றிலை பாக்கோடு அலங்காநல்லூர் ரோட்டுக்குப் போனேன். முத்திருளன் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். கஞ்சிக்குப் பக்கத்தில் ஒரு மாத்திரை அட்டை. சிவப்பு மாத்திரை. என்னுடைய அதே மாத்திரை.

"சாமி, இது..."

"நானும் அந்த டாக்டரம்மாகிட்டதான் பாக்குறேன் தம்பி. அன்னைக்கு நீங்க உள்ள குழாய் விட்டுக்கிட்டுக் கெடந்தீங்க. ஒங்க வீட்டு அம்மா வராண்டாவுல ஒத்தையில அழுதுக்கிட்டு இருந்துச்சு. பக்கத்துல நான் என் சீட்டோட உக்காந்திருந்தேன். அப்படிப் பழக்கம்."

வெற்றிலை கையிலிருந்து நழுவியது. "அப்ப, அழகுபாண்டி ஒங்க பேரைச் சொன்னது?"

"அந்தம்மா சொல்லச் சொன்னதுதான்."

"தொட்டி?"

"கறிவேப்பிலைக்கு மண்ணைக் கெளறுனா தெரியாதா?"

"சாக்குக் கட்டி?"

"ஒங்க சட்டையைத் தொவைக்கிறது யாரு?"

"கருப்பட்டி உருண்டை?"

"உள்ள மாத்திரை இருக்கு. அதான் கடிக்கக் கூடாதுன்னேன்."

தலை சுற்றியது. இந்த முறை ரத்தம் இருந்தும் சுற்றியது. கடைசியாக ஒன்று பாக்கி இருந்தது. "சாமி, அந்த உடுக்கைச் சத்தம்? அது அவளுக்கே தெரியாதே. ஒங்களுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?"

முத்திருளன் தன் நகங்களைப் பார்த்துக்கொண்டார். "எனக்கும் அடிச்சுச்சு தம்பி. எனக்கு ரத்தம் ஏழுல இருந்தப்போ. சாமிதான் கூப்பிடுதுன்னு ரெண்டு வருசம் சும்மா இருந்துட்டேன்."

வண்டியை விரட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அவள் அழுதாள் என்று கேட்டதில் நெஞ்சு கரைந்தது உண்மை. ஆனால் ஆண்பிள்ளை ரோஷம் என்று ஒன்று இருக்கிறதே. அதிலும், என் கோழி விஷயம் அவளுக்குத் தெரியாது. கோடாங்கியும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. நான் சுத்தமான ஆள். கேள்வி கேட்கிற இடத்தில் இருக்கிறேன்.

"நாகு! எல்லாம் தெரிஞ்சுபோச்சு. கோடாங்கியைக் கைக்குள்ள போட்டுக்கிட்டு, சாமி பேரைச் சொல்லி, கட்டின புருசனை ஏமாத்தியிருக்கே. இது அடுக்குமா?"

இரும்புச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "தப்புதான் மாமா. கோடாங்கியைக் கைக்குள்ள போடுறது பெரிய தப்பு."

இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மீசையைத் தடவினேன்.

நாகு கையைத் துடைத்துவிட்டு, கீரைக் கட்டில் இருந்த நீலக் கயிற்றை அவிழ்த்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

"மொத நாளு ஈரல் இன்னொரு துண்டு கேட்டு வாங்கித் தின்னீங்கள்ல மாமா? அது நீங்க வாடிப்பட்டியில வாங்கின கோழிதான்."