பனித்தீவுக்குப் படிக்கப் போன பெருச்சாளி

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால் என் நாக்கு இந்த இடத்திலேயே அழுகி விழட்டும். கற்பூரம் கொண்டுவாருங்கள், அடித்துச் சத்தியம் செய்கிறேன். முதலையின் முதுகில் உட்கார்ந்து ஆற்றைக் கடந்தேன் என்று போன தடவை சொன்னேனே, அதில் வேண்டுமானால் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள். இதில் கழிக்க ஒன்றுமில்லை. கூட்டித்தான் சொல்ல வேண்டும்; வயசாகிவிட்டது, பாதி மறந்துபோச்சு.

ஒரு காட்டில் இளங்கதிர் என்றொரு பெருச்சாளி இருந்தான். வளை தோண்டுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. காலையில் ஆலமரத்தடியில் மூக்கை நுழைத்தால் மத்தியானம் ஆற்றின் அக்கரையில் வெளியே வருவான். ஆனால் அவன் தோண்டுவதை ஒரு பயல் மதிக்கவில்லை. காரணம், அவனிடம் பட்டம் இல்லை. பனித்தீவுப் பல்கலைக்கழகத்தில் முதுகலை வளையியல் படித்துவிட்டு வந்த ஒரு முயல், இரண்டு சாண் பள்ளம் பறித்துவிட்டு, "இது ஒரு திட்டம்" என்று பலகை நட்டிருந்தது. அதைப் பார்க்கக் கூட்டம் அலைமோதியது.

"நானும் பனித்தீவு போறேன்" என்றான் இளங்கதிர்.

"ஆவணிக்குள்ள போனா போ. இல்லைன்னா நெல் குடோன்ல மூட்டை கடிக்க வா. நம்ம குலத்தொழில் கெட்டுப்போகுது" என்றார் அப்பா.

மூட்டை கடிப்பதை நினைத்தாலே இளங்கதிருக்குப் பல் கூசும். நேராக ஓணானிடம் போனான்.

ஓணான் 'ஆகாயப் பாதை வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை மையம்' வைத்திருந்தது. பிறந்த வேலியைத் தாண்டி அது எங்கும் போனதில்லை. ஆனால் சுவர் முழுக்கப் பனிமலைப் படம் ஒட்டியிருந்தது. எதைக் கேட்டாலும் தலையை ஆட்டுவதால் வந்தவர்களுக்கெல்லாம் நம்பிக்கை பிறந்தது.

"ஏன் படிக்க ஆசைப்படறேன்னு ஒரு கட்டுரை எழுதணும் தம்பி" என்றது ஓணான்.

"எனக்குத் தோண்டப் பிடிக்கும். அதை எழுதிடறேன்."

"கெட்டுது போ! பிடிக்கும்னா சீட்டு குடுப்பானா? எங்கிட்ட மூணு மாடல் இருக்கு. வெள்ளம் வந்த மாடல், சின்ன வயசுல நட்சத்திரத்தைப் பார்த்து மலைச்ச மாடல், தாத்தா செத்த மாடல். மூணாவதுக்குத்தான் கிராக்கி. வளை இடிஞ்சு விழுந்து உன் தாத்தா செத்தார். அந்த மண்மேட்டுல நின்னு நீ சபதம் எடுத்தே."

"எங்க தாத்தா கல்லு மாதிரி இருக்காரே."

"கட்டுரையிலதானே சாகறார்? அவருக்கு வலிக்கவா போகுது!"

கட்டுரை போயிற்று. பத்தே நாளில் பதில் வந்தது. தாத்தாவின் மறைவுக்கு ஆழ்ந்த அனுதாபம், சீட்டு உண்டு, விசா வாங்கிக்கொண்டு ஆவணிக்குள் வந்து சேரவும். அந்தக் கடிதத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டச் சொன்னவர் தாத்தா சடையப்பன்தான். கேட்டுவிட்டு, "என்னைப் பத்தி இவ்வளவு நல்லவிதமா எழுதினது அந்த ஊர்க்காரன்தான்டா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

விசா அலுவலகத்தில் விடிகாலையிலிருந்தே வரிசை. எல்லோர் கையிலும் கோப்பு. கண்ணாடிக்குப் பின்னால், பனிக்கட்டிப் பாளத்தின் மேல் ஒரு பெங்குவின் உட்கார்ந்திருந்தார். சிரிக்கவே மாட்டார். இளங்கதிருக்கு முன்னால் ஒரு புள்ளிமான்.

"எதற்காகப் படிக்கப் போகிறாய்?" என்றார் பெங்குவின்.

"படிக்கப் பிடிக்கும் சார்" என்றது மான்.

"காரணம் போதாது. நிராகரிக்கப்பட்டது. அடுத்தது."

இளங்கதிர் முன்னே போனான். எல்லாக் கேள்விக்கும் ஓணான் கற்றுக்கொடுத்த பதிலை வரிசையாகச் சொன்னான். ஏழாவது கேள்வி வந்தது.

"படிப்பு முடிந்ததும் நீ ஊர் திரும்புவாய் என்பதற்கு என்ன உத்தரவாதம்?"

அதற்கும் ஓணான் பதில் கொடுத்திருந்தது. எல்லாப் பிள்ளைக்கும் கொடுக்கிற அதே பதில்தான். இளங்கதிர் கண்ணில் நீர் வரவழைத்துக்கொண்டு ஒப்பித்தான்: "எங்க தாத்தாவுக்கு உடம்பு சரியில்லை சார். கடைசிக் காலத்துல நான்தான் வந்து பார்த்துக்கணும்."

பெங்குவின் கோப்பைப் புரட்டினார்.

"இரண்டாம் பக்கத்தில் உன் தாத்தா இறந்துவிட்டாரே?"

இளங்கதிரின் வால் தரையில் படபடவென்று அடித்தது. ஆவணி போச்சு, பனித்தீவு போச்சு, மூட்டை வந்தாச்சு.

"ஆமாங்க சார்" என்றான். "செத்துட்டார். அதுக்கப்புறம் உடம்பும் சரியில்லைங்க."

வரிசையில் நின்ற ஒரு கழுதை சிரித்துவிட்டது. பெங்குவின் சிரிக்கவில்லை.

"இரண்டாம் பக்கத்துக்கு இறப்புச் சான்றிதழ் இணைக்கப்படவில்லை. ஏழாம் கேள்விக்கு உயிர்வாழ் சான்றிதழ் இணைக்கப்படவில்லை. மூன்று நாளில் இரண்டும் வர வேண்டும். இல்லையென்றால் கோப்பு மூடப்படும்."

"ரெண்டுமா சார்?"

"இரண்டும் வேறு வேறு பிரிவு. ஒன்றை ஒன்று பார்ப்பது எங்கள் வேலையில்லை."

வீட்டில் ஒப்பாரி கிளம்பியது. தாத்தாவுக்காக அல்ல, சீட்டுக்காக. அம்மா மாரில் அடித்துக்கொண்டாள். தாத்தா மட்டும் கிழங்கைக் கடித்தபடி கேட்டார், "நான் செத்தா சோறு போடுவீங்களா மாட்டீங்களா? அதைச் சொல்லு முதல்ல."

"பெரிய விருந்தே போடறோம் மாமா" என்றாள் அம்மா.

"அப்ப சரி. நாளைக்கே போயிடறேன்."

பதினாறு நாள் பொறுக்க ஏது நேரம்? காலையில் சாவு, மத்தியானம் கருமாதி என்று முடிவாயிற்று. மரத்துக்கு மரம் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒட்டினார்கள். "மீசை சரியா விழலை, வேற படம் போடு" என்று தாத்தா இரண்டு தடவை கிழிக்க வைத்தார். முதல் பந்தியில் முதல் இலை அவருக்குத்தான்.

"நல்ல மனுஷன். இப்படிப் பொசுக்குனு போயிட்டாரே" என்று பக்கத்து இலையில் ஒரு கீரிப்பிள்ளை மூக்கைச் சிந்தியது.

"ஆமா, யாரு நினைச்சா?" என்றார் தாத்தா. "அந்தப் பாயசத்தை இந்தப் பக்கம் தள்ளு."

சாப்பிட்ட கையோடு எல்லோரும் கணக்கப்பிள்ளை ஆமையிடம் போனார்கள். ஆமை நாலு நாளைக்கு ஒரு முத்திரை வைக்கும். அன்றைக்குப் பாயசத் தூக்குவாளி கூடவே வந்ததால் வேகம் பிடித்தது.

"உயிரோட இருக்கார்னு எழுதணும்னா ஆள் நேர்ல வரணும்" என்றது ஆமை.

"வந்திருக்கேன்" என்றார் தாத்தா. முத்திரை விழுந்தது.

"செத்துட்டார்னு எழுதணும்னா ரெண்டு சாட்சி வேணும். ஒண்ணு மகன் போடலாம். ரெண்டாவது, இறந்தவரை நல்லாத் தெரிஞ்ச பெரிய மனுஷனா இருக்கணும்."

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தாத்தா தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தார்.

"இறந்தவரை எத்தனை காலமாத் தெரியும்?" என்று ஆமை கேட்டது.

"பொறந்ததுலேர்ந்து."

"ஆள் எப்படி?"

"தங்கமான ஆளு. கோபம் மட்டும் கொஞ்சம் வரும்."

"கைநாட்டு வை."

வைத்தார். இரண்டு சான்றிதழும் ஒரே நாள், ஒரே மை, அடுத்தடுத்த எண். ஒன்றில் தாத்தா இருந்தார், இன்னொன்றில் இல்லை. பெங்குவின் இரண்டையும் அதனதன் இடத்தில் செருகினார். "ஆவணங்கள் முழுமையாக உள்ளன" என்று விசாவை ஒட்டினார். ஆவணி முடிய ஒரு நாள் இருக்கும்போது இளங்கதிர் பனித்தீவில் இறங்கினான்.

அங்கே முதல் வகுப்பில் பேராசிரியர் பனிக்கரடி மாணவர்களைப் பார்த்துத் தழுதழுத்தார். இளங்கதிரின் காட்டிலிருந்து மட்டும் முப்பத்தேழு பேர். முப்பத்தேழு தாத்தாக்களும் வளை இடிந்து செத்திருந்தார்கள். அதில் வேறொரு முயலின் தாத்தா மட்டும் இரண்டு தடவை. "இத்தனை ஆபத்தான மண் உலகத்திலேயே கிடையாது" என்று பனிக்கரடி அந்தக் காட்டை ஆராய ஒரு துறையே தொடங்கினார். அதற்குத் தலைவராக இப்போது இருப்பவர் டாக்டர் இளங்கதிர். பனித்தீவில் தரை பாறையாக உறைந்து கிடப்பதால் அவன் இதுவரை ஒரு பிடி மண்கூடத் தோண்டவில்லை. அதனால்தான் பதவி உயர்வும் சீக்கிரம் வந்தது என்கிறார்கள்.

மான் மறு வருஷம் மறுபடியும் விண்ணப்பித்தது. இந்தத் தடவை அப்பா வழி, அம்மா வழி இரண்டு தாத்தாவையும் காலி செய்திருந்தது. உடனே கிடைத்துவிட்டது.

நீதி: உள்ளதைச் சொன்னவனிடம் காரணம் போதாது என்பார்கள்; முன்னுக்கு வர நினைப்பவன் முதலில் வீட்டுப் பெரியவரைக் கொல்ல வேண்டும், ஆனால் அவரைக் கேட்டுக்கொண்டு கொல்ல வேண்டும்.

போகிறபோது ஒன்று. கதையை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், சொன்னது யார் என்று மட்டும் மூச்சு விடாதீர்கள். என் பேத்திக்கு வருகிற வியாழக்கிழமை நேர்காணல். காகிதப்படி நான் போய்ச் சேர்ந்து எட்டு மாசம் ஆகிறது.