பலகையைத் திருப்பிய அத்தர் பாய்

சதுரங்கத்தில் தோற்பதற்கென்று ஒரு பட்டம் இருந்திருந்தால், சேது முதல் இமயம் வரை வேறு யாரும் அதைத் தொட்டிருக்க முடியாது. அது சிம்மக்கல் அத்தர் பாய்க்கே போயிருக்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் மதுரையில் குமாஸ்தாவாக இருந்தேன். ஆபீஸ் விட்டதும் நேரே பாயின் அத்தர் கடைக்குத்தான் போவேன். கல்லாவுக்குப் பக்கத்தில் பலகை தயாராக இருக்கும். காய்களில் ஒரு யானை என்றோ தொலைந்துபோனதால், அதன் இடத்தில் ஒரு காலி மல்லிகை அத்தர் சீசா நிற்கும். அதை வெட்டியவன் கை மறுநாள் ஆபீஸ் வரை மணக்கும். என் கை தினமும் மணந்தது.

ஆட்டத்தில் தேறுவதற்கு பாய் செய்யாத முயற்சி இல்லை. மூளைக்கு நல்லதென்று ஊறவைத்த பாதாமை மென்றுகொண்டே ஆடுவார். பாதாம் தீர்வதற்குள் அவருடைய மந்திரி தீர்ந்துபோவார். குதிரையின் நடை காலிலேயே பதியவேண்டும் என்று ஒருநாள் கடைத்தெருவில் இரண்டடி நேரே, ஓரடி பக்கவாட்டில் என்று நடந்து பார்த்தார். கொஞ்ச தூரத்திலேயே வெங்காய மூட்டை மேல் விழுந்தார்.

"போற இடம் காலியா இருக்கான்னு பாத்துட்டுத்தான் குதிரைய விடணும். இன்னைக்கி இதப் படிச்சேன்" என்றார், எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டே.

அவர் கடையில் ஒரு சட்டம் உண்டு. ஒருவர் ஜெயிக்கப் போகிறார் என்று தெரிந்ததும், கடைசிக் காயை வைப்பதற்கு முன் பலகையைத் திருப்பிவிட வேண்டும். ஜெயிக்கிற பக்கம் உட்கார்ந்து பார்த்தால்தானே எப்படி ஜெயிப்பதென்று தெரியும் என்பது அவர் வாதம். அந்தப் பக்கம் உட்கார்ந்தும் அவரேதான் தோற்பார்.

ஒரே ஒரு தடவையாவது என்னை ஜெயிக்கவேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. ஜெயிக்கிற அன்றைக்குத் தெருவுக்கே ரோஜா அத்தர் பூசுவதாக வாக்குக் கொடுத்திருந்ததால், தெருவும் அவர் கட்சி. இந்த நிலையில் எனக்குத் திண்டுக்கல்லுக்கு மாற்றல் வந்தது. செய்தி கேட்டு பாயின் முகம் வாடிவிட்டது.

"இனிமே நான் யாருட்ட தம்பி ஜெயிக்கிறது?" என்றார்.

கிளம்புகிற அன்று மாலை கடைசி ஆட்டம். பாய் பாதாமைத் தொடவே இல்லை. எப்படி ஆடினாரோ, என் ராஜா மூலையில் மாட்டிக்கொண்டார். சீசாவை நேரே ஓர் ஓட்டம் விட்டால் என் கதை முடிந்தது. பூக்காரம்மா முதல் ஜட்காக்காரர் வரை புறங்கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். பாய் சீசாவைத் தொட்டார். என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பலகையைத் திருப்பிவிட்டார்.

ஜட்காக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "என்ன பாய், இப்படிப் பண்ணிப்புட்டீக?"

"சட்டம்னா ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானப்பா" என்றவர், "ம், வைங்க தம்பி" என்று என்னிடம் சொன்னார்.

எவ்வளவு மறுத்தும் விடவில்லை. சீசாவை நகர்த்தி, நான் ஜெயித்துத் தொலைத்தேன். பாய் பலகையைக் கொஞ்ச நேரம் ஆசையாகப் பார்த்துவிட்டு எழுந்து, ரோஜா அத்தரை எடுத்தார்.

"கடேசிக் காயத்தான் தம்பி வச்சாரு. அதுவரைக்கும் ஆடுனது நான்ல?"

நீட்டிய கைகள் எல்லாம் இந்த நியாயத்தை உடனே ஒப்புக்கொண்டன. எல்லாருக்கும் பூசியது போக மிச்சத்தை என் சட்டைக் காலரில் தடவினார். 

திண்டுக்கல்லில் எனக்கு நன்றாக ஆடத் தெரிந்தவர்கள் கிடைத்தார்கள். பாய் கிடைக்கவில்லை. அந்தச் சட்டையைச் சலவைக்குப் போட எனக்கு வெகுநாள் மனமே வரவில்லை.